பாவடியும் பூங்காவும்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே "ஸ்தல ஸ்தாபனங்களும் நமது கடமையும்" என்று அச்சிடப்பட்டிருக்கிறது. தலைப்பைத் தந்தவர் நமது காரியதரிசி. அவர் எனக்கு மருமகன் முறையாதலின் மறுத்துரைக்க இயலவில்லை. ஆயினும், கடமை இன்னதென்று பொதுப்படப் பேசிவிட்டு, கைதட்டலைப் பெற்றுக்கொண்டு இறங்கிப்போக எனக்கு மனமில்லை. சென்ற மாதம் நிர்வாக சபையில் பிரஸ்தாபிக்கப்பட்டு, இன்று மாலை தீர்மானமாக வரவிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். அத்தீர்மானத்தை நான் எதிர்க்கின்றேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

விஷயம் யாதெனில், நகரின் மேற்கே புதிதாக எழுந்துள்ள மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட 50 சென்ட் நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. முள்ளும் குப்பையுமே அதன் இன்றைய பயிர். நகரசபைத் தேர்தல் வரும்பொழுது, நம்மவர் வாக்கு மிகுந்துள்ள மூன்று வட்டங்களிலும், அந்நிலத்தை நீண்டகாலக் குத்தகையாக நமது சங்கத்துக்குப் பெற்றுத் தருவதாக எழுதிக் கொடுக்கும் அபேட்சகர் எவரோ, அவருக்கே நம் வாக்கு அனைத்தும் என்று முடிவு செய்யவேண்டும்; அவ்விடத்தில் நமது கல்யாண மண்டபம் எழவேண்டும். இதுவே பிரேரேபணை.

மண்டபம் வேண்டாமென்று சொல்லுகிற மூடன் அல்லேன் யான். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக மண்டப வாடகை, விளக்கு வாடகை, பாத்திர வாடகை என்று கொட்டிக் கொடுத்துவிட்டு, அக்கடனுக்கு வட்டி கட்டத் தறியையே விற்றவர் நம்மில் உண்டு. அவர் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார், பெயர் சொல்லேன். மண்டபம் வேண்டும். எவ்விடத்தில், எவர் பொருளில், எவ்வழியில் என்பதில்தான் எனக்கு வேறுபாடு.

முதலில் அந்த நிலம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். அது சர்க்கார் புறம்போக்கு என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், சாலைகள் நீங்கலாக எஞ்சியதில் நூற்றுக்குப் பத்து பங்கைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி ஸ்தல ஸ்தாபனத்திடம் ஒப்படைக்க வேண்டுமென்பது விதி. அந்த மனைப்பிரிவு 7 ஏக்கர். சாலைகளுக்கு 2 ஏக்கர் போயிற்று. எஞ்சிய 5 ஏக்கரில் பத்தில் ஒன்று இந்த 50 சென்ட். தானம் கொடுத்தவர் மனை விற்றவர் என்று பத்திரம் சொல்லும். ஆனால் அவர் தம் கையிலிருந்தா கொடுத்தார்? அந்த 50 சென்ட்டின் விலையையும் மற்ற மனைகளின் விலையில் ஏற்றியன்றோ விற்றார்! ஆகவே அந்நிலத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அங்கே மனை வாங்கிய குடும்பத்தார் அனைவரும். அவர்களில் நம்மவர் சிலர். மற்றையோர் பல குலத்தினர், பல சமயத்தினர். தவணை முறையில் மனை வாங்கிய ஆசிரியையும் இருக்கிறார், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரரும் இருக்கிறார். அவர்கள் விலை கொடுத்து வாங்கிய காற்றும் நிழலும் அது. நகரசபை அதற்குக் காவலாளியே தவிர உடையவர் அல்ல.

இது நமக்குப் புரியாத தத்துவமா? நம்மைப்போல் இதனைப் புரிந்துகொள்ளக்கூடிய குலத்தார் வேறு எவர் என்று கேட்கிறேன்.

சேலம், நாமக்கல் பக்கத்து நெசவூர்களில் பாவடி என்றொரு சொல் இன்றும் வழங்குகிறது. நமது ஊரிலும் பாவடி இருக்கிறது. இளைஞர்களிற் பலருக்கு அது கிரிக்கெட் ஆடும் மைதானம், திருவிழாவில் ராட்டினம் போடும் இடம்; அவ்வளவே. என் சிறு பிராயத்தில் விடியற்காலை அங்கே சென்றால், வரிசை வரிசையாகப் பாவு நீட்டியிருக்கும். கஞ்சி தோய்த்த நூல், வெயில் ஏறுவதற்குமுன் காய்ந்தும் காயாத பக்குவத்தில் இருக்க, இரு புறமும் ஆட்கள் நின்று கட்டுக்கட்டாகத் தூரிகை போடுவார்கள். ஓர் இழை அறுந்தால் ஓடிச்சென்று முடிவார்கள். அந்த வேலைக்கு நீளமும் வேண்டும், அகலமும் வேண்டும், தடையில்லாத தரையும் வேண்டும். எந்தத் தனி வீட்டிலும் அவ்வளவு இடம் இராது. ஆகையால் எல்லாருமாகச் சேர்ந்து ஓரிடத்தை எவருக்கும் சொந்தமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். நமது தெருக்கள் மற்றத் தெருக்களைவிட அகலமாய் இருப்பதற்கும் இதுவே காரணம். தம் வீட்டுத் திண்ணையை ஒரு முழம் தெருவுக்குள் நீட்டியவரை, பெரியதனக்காரர் அழைத்துத் திண்ணையை இடிக்கச் சொன்ன கதையை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் பணக்காரராய் இருந்தும் இடித்தார். ஒருவர் திண்ணை எல்லாருடைய பாவையும் அறுக்கும் என்பது அன்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

(இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. நகரமைப்புக் கலையில் புகழ்பெற்ற ஸ்காட்லாந்து தேசத்தார் பேட்ரிக் கெடிஸ் என்பவர் 1914-இல் இந்நாட்டுக்கு வந்தார். அவருடைய கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை 'எம்டன்' மூழ்கடித்துவிட்டது. மனம் தளராமல் மறுபடியும் படங்களைச் சேர்த்து 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின்னர் நம் ராஜதானியின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். கோயிலும் நெசவும் சிறந்த காஞ்சீபுரத்தின் நகர அமைப்பைக் கண்டு அவர் வியந்து பாராட்டியிருக்கிறார். கோணல் சந்து என்று கண்டவுடன் இடித்து நேராக்குவதை அவர் விரும்பவில்லை. முதலில் நடந்து பார், அங்கே வாழ்கிறவர் எதற்காக அப்படி வைத்திருக்கிறார் என்று அறிந்துகொள் என்பது அவர் முறை.)

இப்பொழுது ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் வேறொரு குலத்தாருக்கு இரண்டு வட்டங்களில் வாக்கு மிகுதி. அவர்கள் நாளைக்கு ஓர் அபேட்சகரிடம், "பாவடியில் இப்பொழுது பாவு நீட்டுவார் யாரும் இல்லை, ஆலையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது, அந்த இடம் வெறுமனே கிடக்கிறது, எங்கள் சங்கக் கட்டிடத்துக்கு வாங்கிக் கொடு, எங்கள் வாக்கெல்லாம் உனக்கு" என்று கேட்டால் நாம் சும்மா இருப்போமா? கோர்ட்டுக்கு ஓடுவோம், மறியல் செய்வோம். செய்யவும் வேண்டும். அந்தப் புது மனைப்பிரிவில் இருப்பவர்களுக்கு அந்த 50 சென்ட்தான் பாவடி.

"சட்டம் இருக்கட்டும், சேர்மனும் கவுன்சிலர்களும் நம் பக்கம் இருந்தால் நடந்துவிடும்" என்று ஒரு நண்பர் நிர்வாக சபையில் சொன்னார். நடந்துவிடும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நிலைக்குமா என்பதுதான் கேள்வி. இதற்கு நமது பக்கத்து ராஜ்யத்தில் நடந்த வழக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விஸ்தரிப்பு என்று ஒரு பகுதி. அதன் திட்டத்தில் ஓரிடம் பொதுப் பூங்காவுக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. 1976-இல் அரசாங்க உத்தரவின் பேரில் அவ்விடம் பூங்காவிலிருந்து மாற்றப்பட்டு, ஆஸ்பத்திரி கட்டுவதற்காக ஒரு மருத்துவ டிரஸ்டுக்கு ஒதுக்கப்பட்டது. கவனியுங்கள்: கல்யாண மண்டபம் அன்று, சாராயக்கடையும் அன்று, ஆஸ்பத்திரி! நோய் தீர்க்கும் இடத்தை எவர் வேண்டாமென்பார்? ஆயினும் அங்கே குடியிருந்தோர் சிலர் ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். முதலில் ஒரு நீதிபதி அவர்கள் மனுவைத் தள்ளிவிட்டார். மேல்முறையீட்டில் அவர்கள் வென்றனர். டிரஸ்ட் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1991-இல் நீதிபதிகள் தொம்மன், சஹாய் இருவரும் டிரஸ்டின் அப்பீலைத் தள்ளினார்கள். பூங்காவென்று திட்டத்தில் குறித்தபின் அது அப்பகுதி மக்கள் அனைவர்க்கும் உரியது. அதனைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கே இல்லை. அங்கே குடியிருப்பவன் வழக்கிட உரிமையுடையவன் என்பது தீர்ப்பின் சாரம்.

1976 முதல் 1991 வரை 15 ஆண்டுகள். டிரஸ்டுக்கு இடமும் இல்லை, செலவழித்த காலமும் திரும்பவில்லை. நமது சங்கம் அப்படி ஒரு வழக்கில் சிக்கினால், வக்கீலுக்குக் கொடுப்பது தறிக்கு இவ்வளவென்று பிரித்த மகமைப் பணமாகவே இருக்கும். சென்னை ஹைக்கோர்ட்டிலும் திறந்தவெளி நிலங்களைக் காக்கும் தீர்ப்புகள் பல வந்திருக்கின்றன. மண்டபம் எழுந்தபின் இடிக்கச் சொன்னால் என் செய்வோம்? முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கியவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்?

மற்றொரு வாதம்: "நகரசபையிடம் பணமில்லை, பூங்கா போடப்போவதில்லை, குப்பையாய்க் கிடப்பதைவிட மண்டபமாய் இருக்கட்டுமே." பணமில்லை என்கிற பாட்டு பழையது. மத்தியப் பிரதேசத்தில் ரட்லம் என்ற ஊர். அங்கே ஒரு வட்டத்து மக்கள், திறந்த சாக்கடையும் மலமும் நாற்றமும் தாங்காமல் மாஜிஸ்டிரேட்டிடம் சென்றனர். நகரசபை சுப்ரீம் கோர்ட் வரையில் போய், எங்களிடம் பணமில்லை என்றது. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. சாக்கடை கட்டுவதும் சுகாதாரம் காப்பதும் நகரசபையின் முதற்கடமை. பணமில்லை என்று அதிலிருந்து தப்ப முடியாது என்று முடிவாயிற்று. ஆகவே குப்பையாய்க் கிடக்கிறதென்றால், குப்பையை எடு, வேலி போடு, மரம் வை என்று நகரசபையைக் கேட்கவேண்டுமேயன்றி, குப்பை கிடக்கும் சாக்கில் நாம் பாய் விரிக்கலாகாது.

சென்னையில் தியாகராய நகரைப் பார்க்கிறோம். நீண்ட ஏரி என்னும் நீர்நிலையைத் தூர்த்து 1920-களில் எழுந்த பகுதி அது. (ஏரியைத் தூர்த்ததன் பலனை மழைக்காலத்தில் சென்னை அனுபவிக்கிறது, அது தனிக் கதை.) அதற்குப் பெயர் தந்தவர், நகராண்மைக் கழகத்தின் உத்தியோகப் பற்றற்ற முதல் தலைவரும், நெசவுத் தொழிலில் விசைநாடா தறியைப் பரப்பியவருமான பிட்டி தியாகராயர் என்பதை நம்மவர் பெருமையோடு சொல்லுகிறோம். அவர் பெயர் தாங்கிய அந்நகரின் நடுவே பனகல் பூங்கா. சுற்றிலும் அடிக்கணக்கில் விலை பேசும் துணிக்கடைகளும் நகைக்கடைகளும். அந்தப் பூங்காவின்மேல் ஒரு சங்கத்துக்கும் ஒரு கடைக்காரருக்கும் ஆசை வந்திராது என்றா நினைக்கிறீர்கள்?

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், ஊருக்கு உபதேசம் செய்கிறான் கிழவன் என்பீர்கள்.

2001-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது யான் காரியதரிசியாய் இருந்தேன். இன்று வரும் தீர்மானத்தைப் போலவே அன்று ஒன்று கொண்டுவந்தவன் யானே. நமது இரண்டு தெருக்களுக்கும் சிமெண்டுச் சாலையும் சாக்கடையும் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்ட அபேட்சகருக்கு நம் வாக்கை ஒருமுகமாகக் கொடுத்தோம். அவர் வென்றார். சொன்ன சொல் தவறவில்லை; ஆறே மாதத்தில் வேலை முடிந்தது. எனக்கு மாலை போட்டார்கள். பழைய சாலையைத் தோண்டாமல் அதன் மேலேயே சிமெண்டு போட்டதால் நமது தெரு ஓர் அடிக்கு மேல் உயர்ந்துவிட்டதை அன்று எவரும் கவனிக்கவில்லை. சாக்கடையும் நம் தெரு முனையோடு நின்றது. அதற்கப்பால் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலை என்றும் தோன்றவில்லை.

ஐப்பசி மழை வந்தது. நம் தெரு நீர் முழுவதும் தாழ்ந்திருந்த பக்கத்துத் தெருவுக்குள் பாய்ந்தது. அங்கே குடியிருப்பவர்கள் நம் குலத்தார் அல்லர். அடுப்பில் தண்ணீர் ஏறிற்று. ஒரு மூதாட்டியைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மறுநாள் அவர்கள் சாக்கடை வாயைக் கல்லும் மண்ணும் இட்டு அடைத்தார்கள். நாம் பிடுங்கினோம்; அவர்கள் மறுபடி அடைத்தார்கள். போலீசு வந்தது. அடைபட்ட நீர் மூன்றாம் வழியாகப் பாவடிக்குப் போய்த் தேங்கிற்று. அந்நாளில் அங்கே பாவு நீட்டிப் பிழைத்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் அவர்களுக்கு வேலையில்லை. யான் கவுன்சிலரிடம் சென்று முறையிட்டபோது அவர் சொன்னார்: "ஐயா, உங்கள் தெருவுக்குக் கேட்டீர்கள், செய்து கொடுத்தேன். ஊர் முழுவதுக்கும் சேர்த்து யாரும் என்னைக் கேட்கவில்லையே." அவர்மீது எனக்கு இன்றும் கோபமில்லை. பக்கத்துத் தெருவில் எனக்குப் பழக்கமான ஒருவர், ஒரே பள்ளியில் படித்தவர், அன்று முதல் பல ஆண்டு என்னோடு பேசவில்லை. என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், வரவில்லை.

நம்மவரிடையே வேறொரு பேதைமையும் உண்டு. தேர்தல் மாதத்தில் மட்டும் நகரசபையை நினைக்கிறோம். நமது நாட்டில் நகரசபைகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடமளித்த 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் அமலுக்கு வந்தது. ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் நடத்தியே தீரவேண்டும் என்பது அதன் கட்டளை. அப்படியிருந்தும் தமிழ்நாட்டு நகரங்களில் 2016 அக்டோபரில் முடிந்த சபைகளுக்குப் பின், 2022 பிப்ரவரி வரையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவரும் இல்லை. தனி அதிகாரிகள் ஆண்டார்கள். அவ்வளவு காலத்தில் நமது சங்கம் எத்தனை முறை அதைப்பற்றிக் கவலைப்பட்டது? நிகழ்ச்சிக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூட இல்லை. 2022 ஏப்ரலில் சொத்துவரி ஏறிற்று. 600 சதுர அடிக்குட்பட்ட சிறு வீட்டுக்கும் நூற்றுக்கு 25 ஏறிற்று. உடனே மனு எழுதினோம். ஏறிய வரியில் எவ்வளவு எந்தத் தெருவுக்குப் போயிற்று என்று வரவுசெலவுக் கணக்கைக் கேட்டோமா? கேட்கவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த விதிகளால் வட்டக் குழுக்களும் பகுதி சபைகளும் ஏற்பட்டன. நமது பகுதி சபைக் கூட்டமொன்றுக்கு யான் போயிருந்தேன். நம்மவர் என்னையும் சேர்த்து நால்வர். இங்கே இன்று மாலை இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். சிற்றுண்டியும் ஒரு காரணமென்பதை மறுப்பதற்கில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நகரசபை இடங்களிற் சரிபாதி இப்பொழுது பெண்களுக்கு. நமது வட்டங்களிலும் பெண்கள் வென்றிருக்கிறார்கள். ஆனால் கவுன்சிலர் அம்மையாரைப் பார்க்கப் போனால் அவர் கணவர் திண்ணையில் அமர்ந்து மனு வாங்குகிறார். தண்ணீர் எந்நேரம் வருகிறது, எந்தக் குழாயில் சாக்கடை கலக்கிறது என்பதை அறிந்தவர் உள்ளே சமையல் செய்துகொண்டிருக்கிறார். பிள்ளைகளைப் பவர்லூம் சத்தத்துக்கும் பஞ்சுத் தூசுக்கும் வெளியே அழைத்துப்போக ஓரிடம் வேண்டுமா, வேண்டாமா என்பதையும் மண்டபத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்கள் நீங்கள் இருக்கும்போதே கேட்டிருக்கலாம்.

சரி, மண்டபத்துக்கு என்ன வழி? தேர்வீதிக்குப் பின்னால் நமது சங்கத்துக்கு 22 சென்ட் இருக்கிறது. நமது பழைய மாணவர் விடுதி நின்ற இடம். பாதி இடிந்து கிடக்கிறது. அதைப்பற்றி எவரும் பேசுவதில்லை. ஏனெனில் அது நம்முடையது, அதில் கட்டினால் நம் பணம் செலவாகும். தெரு குறுகல், பெரிய மண்டபத்துக்கு அனுமதி கிடைக்காது, வண்டி நிறுத்த இடமிராது என்று சொல்லுகிறார்கள். மெய்யே. 300 பேர் அமரும் சிறு மண்டபம் கட்டுவோம். ஆயிரம் பேரைக் கூட்டிக் கல்யாணம் செய்கிற வழக்கமே நம் ஏழைகளின் தறியை விற்றது. சிறு மண்டபமென்றால், "இடமில்லை, ஆகையால் அழைக்க இயலவில்லை" என்று பெண் வீட்டார் மரியாதையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே தீர்மானத்தைக் கொண்டுவரும் அன்பர்களுக்கு எனது திருத்தத்தை முன்கூட்டியே அறிவிக்கிறேன். மூன்று வட்டங்களிலும் வாக்குக் கேட்டு வருபவர் எக்குலத்தவராயினும், எக்கட்சியினராயினும், சங்கத்தின் சார்பில் இரண்டே கேள்விகள் எழுத்துமூலம் கேட்கவேண்டும்: மேற்கு மனைப்பிரிவின் பூங்காவுக்கு எப்பொழுது வேலியும் மரமும் வைப்பீர்? நமது தெருச் சாக்கடையைப் பக்கத்துத் தெருவோடு இணைத்து ஓடைவரை கொண்டுபோக எந்த ஆண்டு வரவுசெலவில் பணம் ஒதுக்குவீர்? பதில்களை நம் இதழில் அப்படியே அச்சிடவேண்டும். வாக்கை அவரவர் மனம்போல் அளிக்கட்டும்.

இரண்டாவது கேள்வியைப் பக்கத்துத் தெருவினரும் நம்மோடு சேர்ந்து கேட்கச் சம்மதித்திருக்கிறார்கள். சென்ற ஞாயிறன்று யான் அங்கே போயிருந்தேன். என்னோடு பேசாதிருந்த அந்த நண்பர் காலமாகிவிட்டார். அவர் மகன்தான் கையெழுத்திட்டான். அவர்கள் வீட்டுச் சுவரில் அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் நின்ற கோட்டையும் எனக்குக் காட்டினான். விடுதி இடத்தின் பத்திர நகலும், பொறியாளர் ஒருவர் இனாமாகப் போட்டுக் கொடுத்த மதிப்பீடும் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். தீர்மானம் வாக்குக்கு வருமுன் பார்க்க விரும்புவோர் மேடைக்கு வந்து பார்க்கலாம்.